மூன்றாவது பேஸைத் தொடாத மனிதர்

மழை வந்து ஆட்டம் நின்று நாற்பது நிமிடங்கள் ஆகியிருந்தன. மில்ஹேவன் மைதானத்தின் நடுவில் பெரிய தார்ப்பாயை விரித்துவிட்டு ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். கேலரியில் இருந்த அறுநூறு பேர் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டு ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வேலை இருந்தது ஒரே ஒருவனுக்குத்தான். கேலரியின் உச்சியில், பலகை அறையில், மைக் முன்னால் உட்கார்ந்திருந்த எம்மெட் ப்ரைஸுக்கு.

ஆட்டம் நடந்தால் ஆட்டத்தைச் சொல்லலாம். மழை பெய்தால் எதைச் சொல்வது? அதற்காகவே ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தான் எம்மெட். உள்ளே ஆயிரத்துச் சொச்சம் அட்டைகள். ஒவ்வொன்றிலும் பேஸ்பால் சரித்திரத்தில் எங்கோ, எப்போதோ நடந்த ஒரு விசித்திரம். முப்பத்தாறு வயதுக்குள் ஐந்து ஊர்களில் வேலை பார்த்தவன் அவன். மனைவி கிடையாது, சொந்த வீடு கிடையாது. ஊருக்கு ஊர் கூடவே வந்தது அந்தப் பெட்டி மட்டும்தான்.

"ஐம்பத்தொண்ணுல செயின்ட் லூயிஸ்ல மூணடி ஏழு அங்குல ஆளை பேட் பண்ண அனுப்பினாங்க. முதுகுல நம்பர் என்ன தெரியுமா? எட்டுல ஒண்ணு! அவர் உயரத்துக்கு எங்க வீசறதுன்னு தெரியாம நாலு பந்தும் தலைக்கு மேல போச்சு" என்று சொல்லி முடித்தவன் அடுத்த அட்டையை எடுத்தான். "முப்பத்தொண்ணுல வாஷிங்டன்ல ஒருத்தர் ஹோம் ரன் அடிச்சார். பந்து கேலரியில பட்டு உள்ள திரும்பி வந்துச்சு. முன்னாடி ஓடிட்டிருந்தவர் கேட்ச் ஆயிடுச்சுன்னு நினைச்சு நேரா பெஞ்சுக்குப் போயிட்டார். அடிச்சவர் பின்னாலேயே ஓடி அவரைத் தாண்டிட்டார், அதனால அவுட்! இது என்ன பெரிசு... நம்ம மைதானத்துலயே இதுக்கு ஒரு அண்ணன் இருக்கு."

பக்கத்தில் இருந்த வானொலிப் பொறியாளர் ஓட்டோ சிரிப்பதற்குத் தயாரானார். இதை அவர் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

"ஐம்பத்துநாலு, ஆகஸ்ட். சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். ஆஷ்டன் ரிட்ஜ் அணிக்காரர் விட் ஷிம்கஸ். ஸ்கோர் சமம். கடைசி இன்னிங்ஸ், ரெண்டு அவுட். அடிச்சார் பாருங்க... பந்து வேலிக்கு வெளிய! இனிமே அவர் செய்ய வேண்டியது நாலு பேஸையும் தொட்டுட்டு வர்றது ஒண்ணுதான். பல்லு குத்திக்கிட்டே வரலாம். முதல் பேஸைத் தொட்டார். ரெண்டாவதைத் தொட்டார். மூணாவது பேஸ் இடது கைப் பக்கம் இருக்கு... மனுஷன் திரும்பவே இல்ல! நேரா ஓடினார். மைதானத்தைத் தாண்டி, எதிர் வேலி நடுவுல இருக்கிற கேட் வழியா வெளிய போனவர்தான். இன்னி வரைக்கும் திரும்பி வரல! அம்பயர் அவுட் கொடுத்தார், அடுத்து அடிக்க வந்த நம்ம ஊர் ஜெயிச்சுது. அதனாலதான் சொல்றேன்... ஆகஸ்ட் முப்பதாம் தேதி 'ஓடிப்போனவர் தினம்'. ரெண்டாவது பேஸ்லேர்ந்து கேட் வரைக்கும் யார் வேணும்னாலும் ஓடலாம், ஓடினவங்களுக்கு ஒரு ஹாட் டாக் இலவசம்..."

கதவு படாரென்று திறந்தது.

தலையிலிருந்து கால் வரை நனைந்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தோடு ஒட்டிய பழுப்புக் கூந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நிறத்தில் கண்கள்... அந்தக் கண்கள் எரிந்துகொண்டிருந்தன.

"நிறுத்துங்க" என்றாள்.

மைக் அணையவில்லை. அந்த ஒரு சொல் மாவட்டம் முழுவதும் கேட்டது. ஓட்டோ பாய்ந்து பீர் விளம்பரத்தைப் போட்டுவிட்டார்.

"மேடம், இது ஒலிபரப்பு நடக்கிற இடம்" என்றான் எம்மெட்.

"தெரியும். கார்ல கேட்டுட்டுத்தான் வர்றேன். அந்தக் கதையை இனிமே சொல்லக் கூடாது."

"ஏன்? அதுல ஒரு எழுத்துத் தப்பில்ல. அந்தக் காலத்துப் பேப்பர் மூணைத் தேடிப் பிடிச்சு சரிபார்த்திருக்கேன். நான் எதையும் சரிபார்க்காம..."

"பேப்பர்ல எழுதினவன் எங்க உக்காந்திருந்தான்? இங்கதானே? கேட்டுக்கு வெளிய யாரு நின்னாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அட்டை பிடித்திருந்த எம்மெட்டின் கை தானாக ஒரு பேனாவைத் தேடியது. பல வருடப் பழக்கம். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"யாரு நின்னாங்க?" என்று கேட்டான் அவன்.

"சொன்னா அதையும் எழுதி வெச்சுப்பீங்க. அடுத்த மழைக்கு ஆகும்." அவள் குரல் உடைந்தது. "அந்த விட் ஷிம்கஸ் எங்கப்பா. கீழ கார்ல உக்காந்திருக்கார். ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டுப் போறேன். நீங்க சொன்னதெல்லாம் அவரும் கேட்டுட்டுத்தான் இருந்தார்."

அவள் போய்விட்டாள். எம்மெட் ஜன்னல் வழியே கீழே பார்த்தான். வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு பழைய பச்சை நிறக் கார். கண்ணாடியில் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கிழவரின் தொப்பி மட்டும் தெரிந்தது.

"ஏம்ப்பா..." என்றார் ஓட்டோ மெதுவாக. "அந்த ஆளு உயிரோட இருப்பார்னு நமக்குத் தோணவே இல்லையே."

விளம்பரம் முடிந்தது. எம்மெட்டின் பதினான்கு வருட வேலையில் முதல் முறையாக, ஆறு விநாடி நேரம் வானொலி மௌனமாக இருந்தது.

*

அடுத்த வியாழக்கிழமை மழை இல்லை. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு எம்மெட் மைதானத்துக்கு வந்தபோது, காலி கேலரியின் மூன்றாவது வரிசையில் அந்தத் தொப்பி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள்.

"நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன்" என்றாள், அவன் வாய் திறப்பதற்கு முன்பே. "அப்பாதான் கேக்கல."

விட் ஷிம்கஸ் கையை நீட்டினார். எலும்பும் தோலுமான கை. பிடி மட்டும் தளரவில்லை. பேஸ்பாலை விட்ட பிறகு இருபத்தாறு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். இப்போது நுரையீரலில் புற்று. வாரா வாரம் மில்ஹேவன் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு.

"மிஸ்டர் ஷிம்கஸ்... அன்னிக்கு நான்..."

"அதை விடு தம்பி. கடல்காகக் கதை தெரியுமா உனக்கு?"

எம்மெட் திகைத்தான். "எண்பத்துமூணு, டொரோன்டோ. நியூயார்க் ஆட்டக்காரர் வீசின பந்து பட்டு கடல்காகம் செத்துப்போச்சு. ஆட்டம் முடிஞ்சதும் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

"ஒரே நாள்ல ரெண்டு ஊர்ல, ரெண்டு அணிக்கு ஆடி, ரெண்டுலயும் பந்தை அடிச்சவன்?"

"எண்பத்திரெண்டு, ஆகஸ்ட் நாலு. மத்தியானம் சிகாகோவுல ஆடிட்டிருக்கும்போதே அவரை இன்னொரு அணிக்கு மாத்திட்டாங்க. ராத்திரி ஃபிலடெல்ஃபியாவுல இறங்கி ஆடினார்."

கிழவர் மூச்சிரைக்கச் சிரித்தார். "அல்டோனா, பையன் தேறிட்டான்."

"ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல" என்றாள் அவள். ஆனால் உதட்டோரத்தில் ஏதோ நெளிந்தது. அதை மறைக்க அவள் குனிந்து அப்பாவின் கழுத்துத் துண்டைச் சரிசெய்ததை எம்மெட் பார்த்தான். பார்த்ததை அவளும் பார்த்தாள்... இருவரும் சட்டென்று ஆளில்லாத மைதானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்புறம் எல்லா வியாழக்கிழமையும் அப்படித்தான். ஆஸ்பத்திரி முடிந்ததும் பச்சைக் கார் மைதானத்துக்கு வரும். கிழவர் கேள்வி கேட்பார், எம்மெட் பதில் சொல்வான். அல்டோனா உருளைக்கிழங்கை அரைத்துப் பன்றிக்கொழுப்புப் போட்டுச் சுட்ட குகெலிஸைப் பொட்டலத்தில் கட்டிக்கொண்டு வருவாள். "உங்களுக்காக ஒண்ணும் செய்யல. மிச்சம் ஆயிடுச்சு" என்பாள். மிச்சமானது ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடிக்கொண்டே போயிற்று.

ஆஷ்டன் ரிட்ஜில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. காலர் தைப்பது. ஒரு நாளைக்கு நானூறு காலர்.

"நானூறு காலர் தைக்கிறீங்க. எனக்கு ஒண்ணு சரிபண்ணித் தரக் கூடாதா?" என்றான் ஒரு நாள், தன் சட்டையைக் காட்டி.

"அந்தச் சட்டையைச் சரிபண்ண முடியாது. அடக்கம்தான் பண்ணணும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்த மறுகணம், அடக்கம் என்ற சொல் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்பது போல முகம் வாடிப்போனாள். அப்பா பக்கம் பார்த்தாள். கிழவர் தூங்கிப்போயிருந்தார்.

*

ஜூலை முடிகிற வாரம், ஆஸ்பத்திரி காபிக் கடையில், அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு, அவர்களைப் பார்க்க வந்திருந்த எம்மெட்டுக்கு எதிரே அவள் உட்கார்ந்தாள். வெளியே வெயிலோடு ஒரு தூறல்.

"இலை உதிர்ற வரைக்கும்னு டாக்டர் சொல்றார்" என்றாள்.

இதற்குச் சொல்ல அவனிடம் அட்டை இல்லை.

"அன்னிக்கு கேட்டீங்களே, கேட்டுக்கு வெளிய யாருன்னு. எங்க மாமா பெனெடிக்ட். அம்மாவோட தம்பி." காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். யோனாஸ். மூணு வயசு. காலையில சாதாரண ஜுரம். மத்தியானம் மூச்சு விட முடியல. போலியோ... மாமா நாற்பது மைல் லாரி ஓட்டிட்டு வந்து கேட்ல நின்னார். ரெண்டாவது பேஸுக்கு வரும்போது அப்பா அவரைப் பார்த்துட்டார். பார்த்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடினார். போய்ச் சேர்றதுக்குள்ள யோனாஸ் போயிட்டான். அப்ப நான் அம்மா வயித்துல நாலு மாசம்."

தூறல் நின்றது கூட அவனுக்குத் தெரியவில்லை.

"அம்மா சாகுற வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தா. 'உங்கப்பா ஜெயிச்ச ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் பிள்ளைக்காக ஓடினவர்'னு. மில்ஹேவன்ல யாருக்கும் தெரியாது. அவங்களுக்கு அவர் கோமாளி. அப்பாவும் போய் யார்கிட்டயும் சொல்லல." அவள் நிமிர்ந்தாள். சாம்பல் கண்களில் முதல் முறையாகக் கோபம் இல்லாத ஒரு கெஞ்சல். "ஒரே ஒரு தடவை... ரேடியோவுல சரியாச் சொல்லுங்க. அவர் காது கேட்கும்போதே. சொல்வீங்களா?"

"சொல்றேன்" என்றான் எம்மெட். "அடுத்த மழைக்கே சொல்றேன்."

மேசை மேல் அவன் கை கிடந்தது. அவள் தன் விரல் நுனிகளை ஒரு கணம் அதன் மேல் வைத்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல் நுனிகள். அவ்வளவுதான். எழுந்து அப்பாவைப் பார்க்கப் போய்விட்டாள். அவன் அந்தக் கையை வெகுநேரம் நகர்த்தவே இல்லை.

*

கிழவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது அவனுக்கு. சரிபார்க்காமல் எதையும் சொல்லிப் பழக்கம் இல்லையே. மறுவாரம் அல்டோனா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் விஷயத்தைச் சொன்னான்.

விட் ஷிம்கஸ் மைதானத்தைச் சுட்டிக்காட்டினார். "தம்பி, கீழ போ. பேட் பிடிக்கிற இடத்துல போய் நில்லு."

எம்மெட் இறங்கிப் போய் நின்றான். காலை அகற்றி, இல்லாத ஒரு பேட்டைத் தோளில் தூக்கினான். எதிரே பந்து வீசும் மேடு. அதற்கு நேர் பின்னால்... பச்சை வேலியின் நடுவில், வெள்ளையடித்த கேட்.

தூக்கிய கைகளை மெல்ல இறக்கினான்.

திரும்பி வந்தபோது கிழவர் அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"அப்போ அது திறந்துதான் இருக்கும். நான் போய் நிக்கும்போதே பெனெடிக்ட் அங்க நின்னுட்டிருந்தான். தொப்பியைக் கழட்டி, ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினான். அவன் ஆட்டம் பார்க்க வர்ற ஆள் இல்ல. வீட்டுல பிள்ளைக்கு ஜுரம்னு எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்." மூச்சு வாங்கினார். "ஒரு பந்து பார்த்துட்டுப் போயிடலாம்னு நினைச்சேன். அதை விட்டுட்டேன். ரெண்டாவதை வீசினான்... அடிச்சேன், படல. மூணாவது பேட்டுல உரசி ஓரமாப் போச்சு. ஒவ்வொரு பந்துக்கு நடுவுலயும் அவன் கையாட்டிட்டே இருந்தான், தம்பி. நாலாவதைத்தான் அடிச்சேன். அடிச்ச சத்தம் கேட்டதும்தான் எனக்குப் புத்தி வந்துச்சு."

"மூணு நிமிஷம் இருக்குமா..." என்றான் எம்மெட், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நாங்க ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சப்ப நர்ஸ் போர்வையை முகத்து மேல இழுத்துட்டிருந்தா. இப்பதான்னு சொன்னா. இவ்வளவு நேரம் அப்பா அப்பான்னு கூப்பிட்டுட்டே இருந்தான்னு சொன்னா." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு மழையில நீ என்னைக் கோமாளியாக்கினப்ப கார்ல எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நிம்மதியா இருந்துச்சு. கோமாளியா இருக்கறது சுலபம். என் பொண்டாட்டி என் மகளுக்கு ஒரு அப்பாவைச் செஞ்சு கொடுத்துட்டுப் போயிருக்கா. அந்த ஆளு நான் இல்ல. நான் மூச்சு விடற வரைக்கும் அவளுக்கு அவனே இருந்துட்டுப் போகட்டும். ஆனா அதை ரேடியோவுல, என் காதுல, உன் வாயால கேட்க என்னால முடியாது."

"அவகிட்ட நீங்களே..."

"என்னால ஆகாது. நான் போனப்புறம் நீ சொல்லு. செத்தவனைத் திட்டலாம். சாகக் கிடக்கிறவனைத் திட்ட முடியாம உள்ளுக்குள்ளேயே புழுங்குவா, பாவம். செய்வியா?"

மருந்துப் பையோடு அல்டோனா படியேறி வந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே எம்மெட்டைப் பார்த்துச் சிரித்தாள். மறைக்காத சிரிப்பு. அவளிடம் அவன் முதன்முதலில் பார்த்த முழுச் சிரிப்பு.

"செய்றேன்" என்றான், கிழவர் பக்கம் திரும்பாமல்.

*

முதலில் கிளப் உரிமையாளர் ஹாஸிடம் போனான். 'ஓடிப்போனவர் தினம்' வேண்டாம் என்றான்.

"போன வருஷம் ரெண்டாயிரம் பேர் வந்தாங்கப்பா! நீதானே இதைக் கண்டுபிடிச்சே?"

"ஆமா. அதனாலதான் நானே சொல்றேன். நடத்தறதா இருந்தா வேற வர்ணனையாளரைப் பாருங்க."

ஹாஸ் அரை மணி நேரம் கத்தினார். கடைசியில் அந்த நாளைக் கடல்காக தினமாக மாற்ற ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி மழை வந்தது. தார்ப்பாய் விரித்தார்கள். எம்மெட் மைக்கை அருகில் இழுத்தான். நாற்பது மைல் தள்ளி ஒரு வீட்டில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு அவள் உட்கார்ந்திருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கண்ணாடிக்கு வெளியே, மழைக்குள், வெள்ளை கேட் மங்கலாகத் தெரிந்தது.

"எண்பத்தொண்ணுல ரோட் ஐலண்டுல ஒரு ஆட்டம்..." என்று ஆரம்பித்தான். "முப்பத்திரெண்டு இன்னிங்ஸ் ஆகியும் முடியல. கேலரியில மிச்சம் பத்தொன்பது பேர். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க. பதினெட்டு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு..."

ஓட்டோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

தொலைபேசி மணி மறுநாள் காலையில் அடித்தது.

"ஏன் சொல்லல?" என்றாள். 'ஹலோ' கூட இல்லை.

"முடியல, அல்டோனா."

"முடியலைன்னா? யாராவது சொல்லக் கூடாதுன்னாங்களா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "காரணம் கேட்காதீங்க. அந்த தினத்தை நிறுத்திட்டேன். இனிமே அந்தக் கதை என் வாயிலேர்ந்து வராது. அது மட்டும்தான் என்னால..."

"ரெண்டு வருஷமா அவரை வெச்சு ஊரைச் சிரிக்க வெச்சீங்க. கேலி பண்ண வாய் வந்துச்சு, கௌரவமா ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. நான் உங்களை... நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்." அந்தப் பக்கம் மூச்சு தடுமாறியது. "இனிமே வியாழக்கிழமை நாங்க வரமாட்டோம். அப்பா கேட்டாலும் சரி."

என்னென்ன நினைத்தாய் என்று கேட்க அவன் உதடுகள் திறந்தன. அதற்குள் இணைப்பு போய்விட்டது.

சீசன் முடிந்தது. மைதானத்தைப் பூட்டினார்கள். வேறு ஊர்களிலிருந்து எம்மெட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன, வேலைக்குக் கூப்பிட்டு. இரண்டையும் படித்துவிட்டு, பதில் எழுதாமல் மேசை மேல் போட்டுவிட்டான்.

*

அக்டோபர் ஐந்தாம் தேதிப் பத்திரிகையில் நான்கு வரி வந்திருந்தது. விட் ஷிம்கஸ், வயது அறுபத்தொன்று, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. பேஸ்பாலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஆஷ்டன் ரிட்ஜ் தேவாலயத்தில் அடக்கம் முடிந்து, கீழ்த்தள மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அல்டோனா அங்கே இல்லை. சமையலறையில், கறுப்பு உடையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, தனியாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். செய்ய எத்தனையோ பேர் இருந்தார்கள். அவளுக்குத்தான் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

எம்மெட் உள்ளே வந்து கதவருகில் நின்றான். அவள் பார்த்தாள். கண்கள் வறண்டிருந்தன.

"வந்ததுக்கு நன்றி, மிஸ்டர் ப்ரைஸ்" என்றாள், யாரோ ஒருவரிடம் சொல்வது போல.

அவன் ஒரு துணியை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தான். மூன்று கோப்பைகள் ஆயின.

"உங்கப்பா உங்ககிட்ட சொல்லச் சொல்லி ஒண்ணு என்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்கார். கேட்டா என்னை வெறுப்பீங்க. அவரையும் கொஞ்ச நாள் வெறுப்பீங்க. ஆனா சொல்லாம இருக்க எனக்கு உரிமை இல்ல."

சொன்னான். மைக் முன்னால் கதை சொல்கிறவன் போல இல்லை. தடுமாறி, நிறுத்தி நிறுத்தி, கிழவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னான். கேட் நேர் எதிரே இருந்ததை. மாமா கையாட்டியதை. நான்கு பந்துகளை. போர்வையை.

அவள் ஒரே கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். குழாய் ஓடியது. பிறகு அதை நிறுத்தினாள்.

"பெனெடிக்ட் மாமா எங்க வீட்டுக்கு வந்ததே இல்ல" என்றாள் மெல்ல. "அடுத்த தெருவுலதான் இருந்தார். ஏன் வரலைன்னு அம்மா எவ்வளவோ கேட்டா. ஒரு வார்த்தை சொல்லாமலே செத்துப்போனார்." கைகள் தண்ணீருக்குள்ளேயே இருந்தன. "ரெண்டு ஆம்பளைங்க... இப்படியே வாயை மூடிட்டு..."

"அல்டோனா..."

"முப்பத்திரெண்டு வருஷம் நானும் அம்மாவும் அவரைப் புகழ்ந்து புகழ்ந்து... ஐயோ, ஒவ்வொரு தடவையும் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அன்னிக்கு நீங்க சொல்வீங்கன்னு நான் ரேடியோ பொத்தானைத் திருகினப்ப அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். வலின்னு நினைச்சேன்." அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க இதைத் தெரிஞ்சுட்டுத்தான் போன்ல என்கிட்ட அவ்வளவு திட்டும் வாங்கினீங்களா?"

"ஆமா."

"ஆறு வாரம். ஒரு கடிதம் போட்டிருக்கலாம். 'காரணம் இருக்கு'ன்னு மட்டுமாவது."

"போட்டா நீங்க அவர்கிட்ட கேட்பீங்க. கேட்டா அவரால பொய் சொல்ல முடியாது."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே மண்டபத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். யாரோ இருமினார்கள்.

"நாலு பந்து" என்றாள். "எல்லாரும்தான் ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னு நிக்கிறோம். அவருக்கு மட்டும் அது முடியவே இல்ல." கைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். "எனக்குக் கோபம் வருது. கூடவே அவர் தலையை மடியில வெச்சுக்கணும்னும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா வருது, எம்மெட்."

அவள் அவன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் துணியைக் கீழே வைத்தான். "அவர் சொன்னதைச் சொல்லிட்டேன். இனிமே நான் போகலாம். ஆனா கால் நகரல. வாயை வெச்சுத்தான் பொழைக்கிறேன். இதுக்கு மட்டும் வார்த்தை வரமாட்டேங்குது..." நிறுத்தினான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இன்னிக்கு இதைச் சொல்லக் கூடாதுன்னு தெரியும். அவர் ஒரு நிமிஷம் கழிச்சுன்னு நின்னதைக் கேட்டப்புறம், இனி எதையும் அப்புறம் சொல்லிக்கலாம்னு தள்ளிப்போட எனக்குப் பயமா இருக்கு."

சோப்பு நுரை அவள் விரல்களிலிருந்து தரையில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"என்னால இன்னிக்குச் சந்தோஷப்பட முடியாது" என்றாள்.

"தெரியும்."

"நாளைக்கும் முடியாது. எப்பன்னு எனக்கே தெரியாது."

"தெரியும்."

"அப்படியிருந்தும் இங்க இருப்பியா? இந்த ஊர்ல... இப்படி ஒருத்திகூட?"

"இருக்கேன்."

அவள் ஓரடி எடுத்து வைத்தாள். ஈரக் கைகள் அவன் சட்டையில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, நெற்றியை மட்டும் அவன் தோளில் சாய்த்தாள். அடக்கத்தில் அழாதவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், உடம்பு முழுவதும் குலுங்க. அவன் அசையாமல் நின்றான்.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு" என்றாள், தோளுக்குள் புதைந்த குரலில். "ஆனா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்காதே... இன்னிக்கு வேண்டாம். அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்து ஒரு மணி நேரம்தான் ஆச்சு."

அவன் கேட்கவில்லை. விலக்கிப் பிடித்திருந்த அந்த ஈரக் கைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டான்.